செந்நாய்களின் பின்னால் நடந்த வாத்தியார்

புலியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். செந்நாயை? இரையை உயிரோடு கடித்துத் தின்னும் கொடிய மிருகம் என்றுதான் பழைய வேட்டைக்காரர்கள் அதைப் பற்றி எழுதி வைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் செந்நாயைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கெட்ட பெயர் போகவில்லை.

அதை மாற்றத் தொடங்கியவர் நம் நெல்லைச் சீமைக்காரர், டாக்டர் ஏ.ஜே.டி. ஜான்சிங். 1945-ல் நாங்குநேரியில் பிறந்தவர். சிறுவயதில் ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகளைப் படித்துக் காட்டின் மேல் பைத்தியமானவர். (கார்பெட்டைப் படித்த எல்லோரும் துப்பாக்கியைத்தான் தேடுவார்கள் என்று நினைத்திருந்தேன்!) பிறகு சிவகாசியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியரானார்.

அங்கிருந்துதான் 1976-ல் கர்நாடகாவின் பந்திப்பூர் காட்டுக்குப் போனார். சுமார் இரண்டு வருடம் செந்நாய்க் கூட்டங்களின் பின்னால் அலைந்தார். அவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டை எதுவும் கிடையாது. யானைகள் திரியும் காட்டில் எல்லாம் நடைதான். செந்நாய்களின் எச்சத்தைச் சேகரித்து, அதிலிருந்த ரோமத்தை வைத்து எதைத் தின்றன என்று கண்டுபிடித்தார். பெரும்பாலும் புள்ளிமான். அதே காட்டில் புலியும் சிறுத்தையும் எப்படி ஒன்றாகப் பிழைக்கின்றன என்பதும் தெரிய வந்தது. புலி கடமான் போன்ற பெரிய இரையை அதிகம் நாடுகிறது.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். வேட்டை முடிந்து திரும்பும் செந்நாய்கள், வளையில் இருக்கும் தாய்க்கும் குட்டிகளுக்கும் தின்ற இறைச்சியைக் கக்கிக் கொடுக்கின்றன. கூட்டமே சேர்ந்து பிள்ளை வளர்க்கிறது. இதுவா கொடிய மிருகம்?

பெரிய பாலூட்டி ஒன்றை அதன் காட்டிலேயே முறையாக ஆராய்ந்த முதல் இந்திய விஞ்ஞானி என்று அவரைச் சொல்கிறார்கள். 1985-ல் டேராடூனில் உள்ள இந்திய வனஉயிரின நிறுவனத்தில் சேர்ந்தார். 2005-ல் ஓய்வு பெறும்வரை எத்தனையோ மாணவர்களையும் வனத்துறை அதிகாரிகளையும் காட்டுக்குள் நடக்க வைத்தார். ராஜாஜி பூங்காவில் யானைகள் கங்கையைக் கடக்கும் சில்லா-மோதிச்சூர் பாதையை மீட்க வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். ஓய்வுக்குப் பிறகும் நடையை விடவில்லை. சொந்த ஊர்ப் பக்கத்துக் களக்காடு-முண்டந்துறை மலைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்.

2024 ஜூன் 7-ம் தேதி பெங்களூரில் காலமானார். அவர் பின்தொடர்ந்த செந்நாய் இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு. குட்டி போடும் வயதிலுள்ளவை 2,500-க்கும் குறைவு என்பது 2015-ல் போட்ட கணக்கு.