தரை உயரம் (ஆர்.சி. கார்)

ரிமோட்டில் ஓடும் மாதிரிக் காரின் அடித்தட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியே தரை உயரம். பெரிய கார் வாங்குவோர் ‘கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு’ என்று விசாரிப்பதும் இதைத்தான். அவர்களுக்கு வேகத்தடையில் வண்டி அடிதட்டக் கூடாது, அவ்வளவே. ஆர்.சி. காரில் இது வளைவில் வண்டி கவிழுமா, நிற்குமா என்பதையே முடிவு செய்கிறது.

முன்வரலாறு: ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே உயரத்தை மாற்றும் வசதியை உலகறியச் செய்தது பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோன். எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷன் 1954-இல் அதன் 15-சிக்ஸ் எச் காரில், பின்சக்கரங்களுக்கு மட்டும் வந்தது. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளியான டி.எஸ். காரில் நான்கு சக்கரத்துக்கும் அது கிடைத்தது. நெம்புகோலை நகர்த்தினால் கார் எழும். இஞ்சினை நிறுத்திவிட்டுப் போனால், படுக்கப் போகும் மாடு மாதிரி மெல்லத் தாழும்.

மாதிரிக் கார் இவ்வழியில் வரவில்லை. கடையில் விற்ற முதல் ஆர்.சி. கார், இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த ஃபெராரி 250 எல்.எம். மாதிரி. ஜப்பானின் டாமியா 1976-இல் போர்ஷே 934-ஐயும், 1979-இல் மணலில் ஓடும் சாண்ட் ஸ்கார்ச்சரையும் விற்றது. அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஆர்.சி.10, எண்ணெய் ஷாக்குகளோடு பந்தயத்துக்கென்றே பிறந்தது. இத்தகைய பந்தயக் கார்களில் உயரத்தைத் திருத்துவது ஒரு வேலையாகவே மதிக்கப்படுகிறது.

அளத்தல்: பேட்டரி, மேற்கூடு எல்லாம் மாட்டி, ஓடும் நிலையில் வைத்தே அளக்க வேண்டும். சமமான கண்ணாடியோ கடப்பைக் கல்லோ போதும். பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கிக் கீழே விட்டு, வண்டி தானாக அமர்ந்த பிறகு அடித்தட்டின் கீழே அளவுகோலைச் செருகுவர். அளவுகோல் இல்லாதவர் 5 மி.மீ. ஆலன் கீயைச் செருகிப் பார்ப்பதுண்டு: உரசிக்கொண்டு நுழைந்தால் உயரம் 5.

மாற்றுதல்: ஷாக்கின் மேல் மரையுள்ள வளையத்தைக் கீழ்நோக்கித் திருகினால் ஸ்பிரிங் இறங்கி வண்டி எழும். விலை குறைந்தவற்றில் மரை இராது. பிளாஸ்டிக் துண்டைச் செருக வேண்டும். பைக்கில் பின்னால் ஆள் ஏறும்போது ஷாக்கை ஏற்றி வைப்பது போலத்தான். ‘ஸ்பிரிங் டைட் ஆகிவிட்டது’ என்று பலர் சொல்வது பிழை. காரின் எடை மாறாததால் ஸ்பிரிங் அதே நீளத்துக்குத்தான் அமுங்கி நிற்கிறது. அது நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது. ஷாக் சக்கரத்துக்கு உட்புறமாகப் பொருத்தப்படுவதால், வளையம் 1 மி.மீ. இறங்கினால் வண்டி அதற்கும் மேலாகவே எழும். இடமும் வலமும் ஒரே அளவு திருகாவிட்டால் எடை குறுக்காகச் சாய்ந்து, நேராக விட்ட கார் ஒருபக்கம் இழுக்கும்.

அளவுகள்: தார் அல்லது கம்பளத் தளத்தில் ஓடும் 1/10 அளவு டூரிங் கார் சுமார் 5 மி.மீ. உயரத்தில் நிற்கும்; மண்ணில் ஓடும் 1/10 பக்கிக்கு 20 முதல் 25 வரை வேண்டும். அடிதட்டாதவரை தாழ்வாக இருப்பதே நல்லது. முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை மி.மீ. தாழ்ந்தால் திரும்புவது கூர்மையாகும். ஓட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும்: புதுச்சேரி கடற்கரைச் சாலை மாலையில் மோட்டார் வண்டிகளுக்கு மூடப்படும். தளம் சமம்தான், ஆனால் காற்று அள்ளிப் போடும் மணல் 5 மி.மீ. காருக்கு ஆகாது, கூட்டமும் விடாது. இவ்வூருக்கு ஏற்றது பக்கியே.

இன்றைய நிலை: மரை வளையமே பொது வழக்கு. பெரிய காரிலோ, திருவள்ளூர் ஆலையில் உருவாகும் சிட்ரோன் சி3-இன் தரை உயரம் 180 மி.மீ.; டி.எஸ். போல அதை ஏற்றி இறக்க நெம்புகோல் இல்லை.