'டொக்டர் ஹூ' தொடரில் துணைவர் தொகை

விஞ்ஞானப் புனைகதைத் தொடரொன்றில் நாயகனுடன் செல்லும் துணைவர் எத்தனை பேராயிருத்தல் நன்று என்னும் வினா, எண்ணைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் நாயகனைப் பற்றியதேயாம். பி.பி.சி. 1963 நவம்பர் 23 இல் தொடக்கிய 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் வரலாறு இதனைப் புலப்படுத்தும்.

காலத்தையும் வெளியையும் கடக்கும் கலமொன்றில் உலாவும் வேற்றுலகத்தவரே டொக்டர். தொடக்கத்தில் அவருடன் மூவர் சென்றனர்: பேர்த்தி சூசன், அவளுக்கு விஞ்ஞானம் கற்பித்த இயன், வரலாறு கற்பித்த பார்பரா. சிறுவர்க்கு அறிவூட்டலும் தொடரின் நோக்கமாயிருந்தமையால் இப்பாடத் தெரிவு தற்செயலானதன்று. அதனினும் முக்கியமானது பிறிதொன்று. வில்லியம் ஹார்ட்னெல் நடித்த முதல் டொக்டர் முதியவர், முன்கோபி, எளிதில் நம்பத்தகாதவர். ஆசிரியர் இருவரையும் அவர்தம் விருப்பத்துக்கு மாறாகவே கொண்டு சென்றார். முதற் கதையிலேயே, காயமுற்றுக் கிடந்த கற்கால மனிதனருகே அவர் கல்லொன்றைக் கையிலெடுக்க, இயன் தடுக்கவேண்டியதாயிற்று. வீரமும் மனச்சான்றும் துணைவரிடமே இருந்தன; ஆகவே அங்கு மூவர் மிகையல்லர்.

டொக்டரே வீரநாயகராக வளர்ந்ததும் நிலைமை மாறிற்று. அடுத்த டொக்டராக வயது முதிர்ந்த நடிகர் வரக்கூடும், ஓடவும் சண்டையிடவும் இளைஞரொருவர் வேண்டும் எனக் கருதி, 1974 இல் ஹரி சலிவன் என்னும் கடற்படை மருத்துவர் படைக்கப்பட்டார். வந்தவரோ நாற்பது வயதேயான ரொம் பேக்கர்! ஹரி செய்யவேண்டியவற்றை அவரே செய்தார். நடிப்பிலே குறையில்லை, பாத்திரத்துக்குத்தான் வேலையில்லை. 1975 இல் ஹரி கலத்தை விட்டு நீங்க, டொக்டரும் பத்திரிகையாளரான சாரா ஜேனும் எஞ்சினர். பார்வையாளர் சார்பில் வினவவும் அஞ்சவும் அவளொருத்தி போதுமாயிருந்தாள். தொடரின் மிகச் சிறந்த காலம் அதுவே என்பது என் துணிபு.

1982 இல் பீற்றர் டேவிசனுடன் அட்ரிக், நைசா, ரீகன் என மீண்டும் மூவர். டொக்டரோ இப்போது இளைஞர். ஒருவர் கேட்கக்கூடிய வினாவை மூவர் பங்கிட்டுக் கேட்டனர். 'கிண்டா' என்னும் கதையில் நைசா களைப்புற்றுக் கலத்துள் துயில்கொள்ள விடப்பட்டு, முடிவிலேயே மீள்கிறாள்! அவ்வாண்டு மார்ச்சில் அட்ரிக் இறக்கும் அங்கம், இறுதி எழுத்துகள் இசையின்றி ஓட, மௌனமாக முடிந்தது. கூட்டத்தில் மங்கிக் கிடந்தவன் இறப்பினாலேயே நினைவில் நின்றான்.

2005 இல் தொடர் புத்துயிர் பெற்றபோது றோஸ் ஒருத்தியின் கண்களாலேயே யாவும் காட்டப்பட்டன. எனினும் 2018 இல் ஜோடி விட்டேக்கருடன் கிரஹாம், ரயன், யாஸ்மின் என மும்மை திரும்பிற்று. கிரஹாம் மனைவியை இழந்தவர். அவளே ரயனின் பாட்டி. அத்துயரம் அவ்விருவருக்கும் கதையளித்தது. யாஸ்மினுக்கு அத்தகைய பிடிப்பெதுவும் தரப்படவில்லை. 2021 புத்தாண்டு நாளில் அவர்கள் விடைபெற்ற பின்னரே அவள் மனத்தை நாம் அறியத் தொடங்கினோம்.