கடதாசிப் பெட்டியிற் சென்ற சீன உணவு

மாலை வேளையில் அமெரிக்க நகரத் தெருக்களில் நடப்போர், சிறிய வெண்ணிறக் கடதாசிப் பெட்டிகளுடன் வீடு திரும்புவோரைக் காண்பர். பெட்டியின் மேலே மெல்லிய கம்பிப்பிடி. உள்ளே ஆவி பறக்கும் சோறும் கறியும். தொலைபேசியிற் சொல்லிவைத்துக் கடையிற் பெற்றுவரும் இச்சீன உணவு அந்நாட்டவர்க்குப் பழகிய வழக்கம். இவ்வழக்கத்தின் தோற்றத்தை ஆராய்வோர், சமையலறைக்குச் செல்லுமுன் சட்டப் புத்தகத்தை விரித்தல் வேண்டும்.

1848 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. அச்செய்தி கடல் கடந்து தென்சீனத்துக் குவாங்டுங் மாகாணத்தை எட்டியது. வறுமையும் கலகமும் வாட்டிய அம்மாகாணத்து மக்கள் பலர் கப்பலேறினர். 1849 இலேயே சான் பிரான்சிஸ்கோ நகரிற் சீனர் போசனசாலை நடத்தினர். விலை மலிவாகவும் உணவு சுவையாகவும் இருந்தமையாற் பொன் தேடி வந்த பிற நாட்டவரும் அவற்றை நாடினர். பின்னர், 1869 இல் நிறைவெய்திய கண்டங்கடந்த புகையிரதப் பாதைக்காகச் சீனத் தொழிலாளர் பல்லாயிரவர் மலைகளைக் குடைந்தனர்.

பாதை முடிந்தது, பகைமை தொடங்கியது. குறைந்த கூலிக்கு உழைத்துத் தம் பிழைப்பைக் கெடுப்பவர் சீனர் என்று வெள்ளைத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அதன் விளைவாக 1882 இற் சீனர் விலக்குச் சட்டம் பிறந்தது. சீனத் தொழிலாளர் எவரும் நாட்டினுள் வரலாகாது. முன்னரே வந்திருந்தோரும் பிரஜாவுரிமை பெறலாகாது. வணிகர், மாணவர், ஆசிரியர் முதலிய சிலரே விலக்களிக்கப்பட்டனர். பல தொழில்களிலிருந்து துரத்தப்பட்ட சீனர், பிறர் போட்டியிட வாராத சலவையிலும் சமையலிலும் அடைக்கலம் புகுந்தனர்.

வொங் கிம் ஆர்க் என்பவர் அத்தகைய சமையற்காரருள் ஒருவர். சான் பிரான்சிஸ்கோவிலே பிறந்த அவர், சீனம் சென்று 1895 இல் மீண்டபோது, பிரஜை அல்லர் எனத் துறைமுகத்தில் தடுக்கப்பட்டார். அவர் வழக்காடினார். அமெரிக்க மண்ணிற் பிறந்தவர் அமெரிக்கரே என 1898 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறப்பால் வரும் பிரஜாவுரிமைக்கு அத்தீர்ப்பு பெருந்தூணாயிற்று.

1915 இல் வேறொரு கதவு திறந்தது. போசனசாலை உரிமையாளரையும் வணிகராகக் கொள்ளலாம் என்று நீதிமன்றமொன்று கூறியது. வணிகர் எனப்பட்டவர் சீனம் சென்று மீளலாம். குடும்பத்தாரையும் அழைத்து வரலாம். ஆயின், கடை உயர்தரமானதாக இருத்தல் வேண்டும். உரிமையாளர் ஓராண்டு காலம் உடலுழைப்பிலே ஈடுபடலாகாது. உறவினர் பலர் பணத்தைத் திரட்டிக் கூட்டாகக் கடை திறந்து, முறை வைத்து முதலாளியாயினர். நியூயோர்க்கு முதலிய நகரங்களிற் சீன உணவுச்சாலைகள் விரைந்து பெருகியமைக்கு மக்களின் நாவிருப்பம் மட்டுமன்றி இத்தீர்ப்பும் காரணமாகும்.

அந்நாளிற் பெரிதும் விரும்பப்பட்ட உணவு 'சாப் சுயி'. பலவகைத் துண்டுகளின் கலவை என்பது அதன் பொருள். 1896 இல் அமெரிக்கா சென்ற சீன அரசியற் பெரியார் லீ ஹொங்சாங்கின் சமையற்காரர் அதனை முதன்முதல் ஆக்கினார் என்பர். அது வெறுங் கதையே. அதற்கு முன்பே சீனர் வாழ்ந்த தெருக்களில் அவ்வுணவு விற்கப்பட்டது. இறைச்சியையும் மரக்கறியையும் முன்னரே சிறிதாக நறுக்கி வைத்து, பெருந்தீயிலுள்ள தாச்சியிலிட்டுச் சில நிமிடங்களிற் கிளறியெடுப்பது சீனர் முறை. காத்திருந்து வாங்கிச் செல்வோர்க்கு இதனினும் ஏற்ற சமையல் அரிது.

பெட்டியோ சீனத்திலிருந்து வந்ததன்று. சிக்காகோ நகரத்து பிரெடெரிக் வில்கொக்ஸ் என்பவர் 1894 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரே தாளை மடித்துச் செய்யும் அப்பெட்டி, ஓடு நீக்கிய கடற்சிப்பியை வீட்டிற்குக் கொண்டு செல்லவே பயன்பட்டது. குழம்பு ஒழுகாமையாற் பின்னர் சீனக் கடைகளிற் புகுந்தது. இன்று அதில் நாம் காணும் செந்நிறக் கோபுரச் சித்திரம் 1970களில் அமெரிக்கப் பெட்டி நிறுவனமொன்று அச்சிட்டது.

இரண்டாம் உலகப் போரிற் சீனம் நேசநாடானமையால் 1943 இல் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது. எனினும், ஆண்டொன்றுக்கு 105 சீனருக்கே குடிவரவு அனுமதி கிடைத்தது. 1965 ஆம் ஆண்டுச் சட்டமே இத்தகைய எல்லைகளை அகற்றியது. பின்னர் தாய்வானிலிருந்தும் ஹொங்கொங்கிலிருந்தும் பலர் வந்தனர். சிச்சுவான், ஹூனான் மாகாணங்களின் காரச் சுவைகளும் அவர்களுடன் வந்தன.

அறுபத்தோராண்டு காலம் சட்டம் சீனரைத் துறைமுகத்தில் மறித்து நின்றது. அக்காலம் முழுவதும் அவர் ஆக்கிய உணவை அமெரிக்கர் விரும்பி வாங்கியுண்டனர். ஓரினத்தாரின் உணவை விரும்புவது எளிது. அவரை அயலவராய் ஏற்க நெடுங்காலம் பிடிக்கும். கம்பிப்பிடியைப் பற்றி அப்பெட்டியைத் தூக்கிச் செல்வோர் நினைவிற்கொள்ள வேண்டியது, அடுப்பருகே நின்றவரின் இந்நீண்ட காத்திருப்பாகும்.