மந்திரி யாருப்பா? ஒரு பலகைச் சண்டையின் சரித்திரம்

செஸ் போர்டில் மந்திரி யார்? நம்ம ஊரில் கேட்டால் "இதென்ன கேள்வி, குறுக்கே போறவர்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மும்பையில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். டீ ஆறிப் போகும், சண்டை ஆறாது.

சில வருடங்களுக்கு முன் லோன் விஷயமாக தாராவியில் ஒரு தோல் பை பட்டறைக்குப் போயிருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். மதிய நேரம், மெஷின்கள் நின்றிருந்தன, அறுத்த தோல் குவியல் மேல் ஒரு செஸ் போர்டு. முதலாளி பெரிய மனது பண்ணி, "பாய், துமாரா மந்த்ரி காலி, தேக்கோ" என்று எச்சரிக்கை கொடுத்தார். பாய் பதறிப்போய் தன் ராணியை நகர்த்திக் காப்பாற்றினார். அடுத்த நொடி அவருடைய பிஷப்பைத் தூக்கிவிட்டார் நம்மவர். "அண்ணா, மந்த்ரி போலா நா ஆப்னே!" "ஆமா, மந்திரியைத்தானே சொன்னேன்!" போச்சு. ஸ்டாக் லிஸ்டும் கையுமாக நின்றிருந்த என்னை நடுவராக்கிவிட்டார்கள்.

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். ஹிந்தியில் ராஜா பக்கத்தில் நிற்பவர் 'வஜீர்', அதாவது மந்திரி. நமக்கு அது ராணி. நம்ம மந்திரி நிற்கும் இடத்தில் அவர்களுக்கு 'ஊண்ட்', ஒட்டகம். மூலையில் இருப்பது மட்டும் இருவருக்கும் யானை.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. நான் குடியிருப்பது செம்பூரில். எங்கள் கட்டிடத்தில் மராத்தி, குஜராத்தி, மலையாளம், தெலுங்கு எல்லாம் உண்டு. ஞாயிறு மாலை கீழே வாட்ச்மேன் கேபின் பக்கத்தில் போர்டு விரிந்தால் ஆடுவது ரெண்டு பேர், பேசுவது எட்டு பேர். மராத்திக்கும் குஜராத்திக்கும் ஒட்டகம்தான். தெலுங்குக்காரருக்கு ராணி 'மந்த்ரி', பிஷப் 'சகடு'. பாலக்காட்டு நண்பர் கதையே வேறு. அவருக்கு ராணி 'மந்த்ரி', பிஷப் 'ஆன', மூலையில் நிற்பது 'தேரு'. "உங்க யானை ஏன்டா மூலையில போய் நிக்குது?" என்று வாராவாரம் ஆரம்பிப்பார். ஒட்டகத்தைக் கிண்டல் பண்ணுவது இன்னொரு தவறாத ஐட்டம். "எந்த ராஜாவய்யா ஒட்டகத்தோடு சண்டைக்குப் போனான்?" என்று நான் ஒருமுறை கேட்க, மூன்றாவது மாடி ராஜஸ்தான்காரர் பொரிந்து தள்ளிவிட்டார். பிகானேர் மகாராஜா கங்கா சிங்கின் ஒட்டகப் படை முதல் உலகப் போரில் 1915-ல் சூயஸ் கால்வாய் பக்கம் போய் சண்டை போட்டது. உண்மைதான், அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். பி.காம் படித்தவனுக்கு சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். லெட்ஜரில் எங்கோ ரெண்டு ரூபாய் இடித்தால் ராத்திரி தூக்கம் வராத ஜாதி நாங்கள். ஒரு பலகையில் ஒரு மந்திரி கணக்கு இடித்தால் விடமுடியுமா?

சதுரங்கம் என்றால் நான்கு அங்கம். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படை. ஏழாம் நூற்றாண்டில் பாணர் ஹர்ஷசரிதத்தில் இந்தச் சொல்லை வைத்து சிலேடையே செய்திருக்கிறார், அப்போதே ஆட்டம் அவ்வளவு பிரசித்தம். இங்கிருந்து பாரசீகம் போய் 'சத்ரங்' ஆச்சு, அரபிகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆச்சு. பாரசீகத்தில் மூலைக்காய்க்கு 'ருக்' என்று பெயர், தேர் என்று அர்த்தம். இங்கிலீஷ் 'ரூக்' அதிலிருந்து வந்ததுதான். யானைக்கு 'பீல்', அரபியில் 'அல்-பீல்', ஸ்பானிஷ்காரன் இன்றைக்கும் பிஷப்பை 'அல்ஃபில்' என்கிறான். ரஷ்யர்களுக்கு பிஷப் 'ஸ்லோன்', அதாவது சாட்சாத் யானையே. ஆக, உலகத்துக்கு ஏற்றுமதியான கணக்குப்படி பாலக்காட்டுக்காரர் சொல்வதுதான் சரி, தேர் மூலையில், யானை உள்ளே. (இதை அவரிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. :-))

ஆனால் நம்ம யானையும் சும்மா மூலைக்குப் போகவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-அத்லி என்ற ஆட்டக்காரர், இந்தியர்கள் யானையை மூலையில் வைத்து ஆடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அதாவது இந்தச் சண்டைக்கு ஆயிரத்து நூறு வயசுக்கு மேல் ஆகிறது! சுமார் 1030-ல் எழுதிய அல்-பிரூனி இன்னொன்று சொல்கிறார். அவர் பார்த்த ஆட்டத்தில் யானை முன்னால் ஒரு கட்டம் போகும், அல்லது நாலு மூலைவாட்டில் ஒவ்வொரு கட்டம் போகும். மொத்தம் அஞ்சு. ஏன் என்று கேட்டதற்கு நாலு கால், ஒரு தும்பிக்கை என்று விளக்கம் கொடுத்தார்களாம். என்ன அழகான பதில்! தாய்லாந்திலும் பர்மாவிலும் பழைய முறைப்படி ஆடுகிறவர்களிடம் இன்றும் அதே நடைதான்.

எந்த நாட்டிலும் எவனும் வம்பு பண்ணாத ஒரே காய் குதிரை. அதன் நடை அன்றிலிருந்து இன்றுவரை அதேதான். இதற்கு மாட்டுங்கா மாமா ஒருவர் எனக்குக் காட்டிய சாட்சி பிரமாதமானது. வேதாந்த தேசிகர் ஸ்ரீரங்கத்து ரங்கநாதரின் பாதுகை மேல் ஆயிரத்தெட்டு ஸ்லோகம் பாடினார் அல்லவா, பாதுகா ஸஹஸ்ரம். அதில் சித்திர பத்ததியில் 32 எழுத்து ஸ்லோகம் ஒன்றைப் பாதி செஸ் போர்டில், 4-க்கு 8 கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிரப்பி, குதிரை தாவுகிறபடி படித்தால் அடுத்த ஸ்லோகம் வந்துவிடும். ஒரு கட்டம்கூட ரெண்டு தடவை வராது. காஷ்மீரத்து ருத்ரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே குதிரைக்கு இப்படிப் பாடிவிட்டார். மாமாவிடம் அதைச் சொன்னபோது, "இருக்கட்டும், காபி குடி" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

மந்திரிக்கு வருகிறேன். ராஜா பக்கத்தில் முதலில் நின்றது மந்திரிதான், பெண் வாடையே கிடையாது. பாரசீகத்தில் 'ஃபர்சீன்'. நடையும் பரிதாபம், குறுக்கே ஒரே ஒரு கட்டம். ஐரோப்பாவுக்குப் போனபின் கி.பி. 1000 வாக்கில் அந்த மந்திரி ராணியாகிறார். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கம் திடீரென்று ராணிக்கு இப்போதுள்ள அசுர பலம் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் அந்த ராணியோடு இங்கே திரும்பி வந்தபோதுதான் குழப்பம். ஹிந்தி, மராத்தி, வங்காளம், மலையாளம், தெலுங்கு எல்லாம் "பலம் மாறினால் என்ன, ஆள் அதே மந்திரி" என்று பழைய பெயரையே வைத்துக்கொண்டன. தமிழ் மட்டும் ராணியை உள்ளே விட்டது. அப்புறம் வேலையில்லாமல் நின்ற மந்திரிக்கு பிஷப் சீட்டைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பேங்கில் டிரான்ஸ்ஃபர் போடுவது மாதிரி, பதவி அதே, நாற்காலி வேறு.

சத்யஜித் ராய் 1977-ல் எடுத்த 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' பார்த்திருப்பீர்கள். 1856-ல் அவத் ராஜ்ஜியத்தைக் கம்பெனிக்காரன் விழுங்குகிறான், ரெண்டு நவாபுகள் ஆட்டத்தை விடாமல் இருக்கிறார்கள். கடைசியில் இங்கிலீஷ் முறைப்படி ஆடத் தீர்மானித்து, வஜீர் போய் ராணி வருகிறார். ராய் அதை வேறு அர்த்தத்தில் வைத்தார் என்று தெரியும். ஆனால் தாராவி பட்டறையில் நின்ற எனக்கு அந்தக் கட்டம்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் ஞாயிறு கோஷ்டியில் ரிட்டயர் ஆன ராணுவ அதிகாரி ஒருவர் உண்டு. அவர் ஆடமாட்டார், பேச மட்டும் வருவார். "இது போர் விளையாட்டே இல்லை. எதிரி படை முழுசா கண்ணுக்குத் தெரியுது, நீ ஒரு அடி நான் ஒரு அடின்னு மாத்தி மாத்தி வைக்கிறீங்க, மழை இல்லை, சேறு இல்லை, சோறு தீர்ந்து போகலை" என்பார். இதையும் ஜெர்மானியர்கள் முன்பே யோசித்துவிட்டார்கள். 1780-ல் பிரன்ஸ்விக் ஊரின் ஹெல்விக் என்ற கணக்கு வாத்தியார் செஸ்ஸையே பெரிதாக்கி, 1,600-க்கும் மேற்பட்ட கட்டங்களில் மலை, ஆறு, ஊர் எல்லாம் வைத்து போர் ஆட்டம் ஒன்றைச் செய்தார். பிறகு 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய லெப்டினன்ட் கட்டத்தையே தூக்கிவிட்டு வரைபடத்தின் மேல் ஆட வைத்தார். எதிரி இருக்குமிடம் தெரியாது, நடுவே ஒரு நடுவர், சேதத்தைத் தீர்மானிக்கப் பகடை. ராணுவத் தலைமை அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது. 1870 போரில் பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்ததும் மற்ற நாடுகளும் ஓடி வந்து கற்றுக்கொண்டன.

பகடை என்றதும் நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? "போரில் அதிர்ஷ்டத்துக்கு இடம் கொடுத்தது நாங்கதான் முதல்ல" என்று ஒரு கட்சி கிளம்பியது. பகடை உருட்டி நாலு பேர் ஆடும் சதுரங்கத்தை அல்-பிரூனி இங்கே நேரில் பார்த்து எழுதியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அதுதான் ஆதி ஆட்டமா என்பதில் பெரிய பெரிய பண்டிதர்களே மோதிக்கொண்டார்கள். ஹைரம் காக்ஸ் ஆமாம் என்றார். டங்கன் ஃபோர்ப்ஸ் 1860-ல் புராணத்தைக் காட்டி ஐயாயிரம் வருஷக் கணக்கு சொன்னார். 1874-ல் வான் டெர் லிண்டே அதை உடைத்துப் போட்டார், 1913-ல் முர்ரே எழுதிய பெரிய சரித்திரத்தில் கேஸ் முடிந்தது. ஐயாயிரத்தை இன்னும் பிடித்துத் தொங்குகிறவர்கள் எங்கள் கட்டிடத்தில் மூணு பேர் இருக்கிறார்கள். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, வவுச்சர் இல்லாத எண்ட்ரியை நான் பாஸ் பண்ணுவதாகவும் இல்லை.

பெயர்ச் சண்டையில் யாருக்கும் நஷ்டமில்லை. விதிகளில்தான் நிஜமான நஷ்டம் நடந்தது. நம் நாட்டு ஆட்டத்தில் காலாள் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான் போகும். கேஸ்லிங் கிடையாது, அதற்குப் பதில் ராஜா ஒரே ஒருமுறை குதிரை மாதிரி தாவலாம், அதுவும் அதற்குள் செக் வாங்கியிருக்கக் கூடாது. கடைசி வரிசையை அடைந்த காலாள் எந்த வரிசையில் ஏறினானோ அந்தக் காயாகத்தான் மாறமுடியும். காலாளை வைத்து மேட் பண்ணினால் தனி கௌரவம். ஊருக்கு ஊர் இதிலும் வித்தியாசம்.

இந்த ரெண்டு முறைகளும் மோதியதற்கு பம்பாயிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1814-ல் இங்கே ஒரு செஸ் புத்தகம் இங்கிலீஷில் அச்சானது, ஐரோப்பிய ஆட்ட முறைக்குத் தக்கபடி அமைத்தது என்று தலைப்பிலேயே போட்டு. சமஸ்கிருதத்திலிருந்து வந்த நூல். ஆசிரியர் பெயர் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. பெயரைப் பார்த்தாலே எந்தத் திசையிலிருந்து வந்தவர் என்று தெரிகிறதல்லவா? மாட்டுங்கா வீதிகள் போடுவதற்கு நூறு வருஷம் முன்னால், தெற்கத்திப் பெயர் தாங்கிய ஒருவர் வெள்ளைக்காரன் விதிக்கு நம்ம புதிர்களை மாற்றி எழுதியிருக்கிறார்.

பழைய விதி பழகிய கை எப்படி இருக்கும் என்பதற்கு கல்கத்தா உதாரணம். ஜான் காக்ரேன் என்ற பாரிஸ்டர் அங்கே மஹேஷ்சந்திர பானர்ஜியோடு நூற்றுக்கணக்கில் ஆடி, ஆட்டங்களைக் குறித்தும் வைத்தார். காலாளை ஒரே கட்டமாக மெல்ல நகர்த்தி, பிஷப்பை ஓரமாக ஒளித்து வைக்கும் மஹேஷ்சந்திரரின் பாணி அன்றைக்கு விசித்திரம். அடுத்த நூற்றாண்டில் அதே வழிகள் 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பெயரில் உலக சாம்பியன்ஷிப் வரைக்கும் போயின.

பஞ்சாபின் மீர் சுல்தான் கான் சிறுவயதில் கற்றது நம் நாட்டு விதிதான். பெரியவனானபின் புது விதியைப் பழகி, 1929-ல் லண்டன் போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933-லும் அவரே. ஹேஸ்டிங்ஸ் 1930-31 போட்டியில் காப்பாபிளாங்காவையே சாய்த்தார். ஆரம்ப நகர்த்தல்களில் மட்டும் தடுமாறுவார் என்று எழுதினார்கள். தடுமாறாமல் என்ன செய்வார், காலாளே ரெண்டு கட்டம் தாவாத ஊர்க்காரர்! ஊர் திரும்பி, 1966-ல் காலமானார். ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல்.

1951-ல் அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு வந்தது, 1955-ல் ஏலூரில் முதல் தேசியப் போட்டி. நம்ம மானுவல் ஆரோன் 1961-ல் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். நாட்டு விதியில் ஊறியவர்களை உலக விதிக்கு இழுத்து வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். கிளைக்கு ஒரு மாதிரி செக் எழுதினால் கிளியரிங் நடக்குமா? 1972-ல் மெட்ராஸ் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய டால் கிளப்பும், அங்கே வளர்ந்த ஆனந்தும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனான குகேஷும் அந்த ஒரே விதியால்தான் வந்தார்கள்.

ஆனால் அந்த விதிப்புத்தகத்தில் வேடிக்கை பார்ப்பவன் வாயே திறக்கக் கூடாது. காலாளால் மேட் பண்ணி எதிராளியை வெறுப்பேற்றுவது, அதற்கு சுத்தி நின்றவர்கள் போடும் கூச்சல் எல்லாம் அதோடு போச்சு. இப்போது பெயர்களும் போகின்றன. மாட்டுங்காவில் என் மகள் போகும் கோச்சிங் கிளாஸில் தமிழ், மலையாளம், குஜராத்தி என்று முப்பது பிள்ளைகள், எல்லோருக்கும் ரூக், பிஷப், க்வீன். சண்டையே இல்லை. வீட்டில் என்னோடு ஆடும்போது மட்டும் யானை, மந்திரி என்கிறாள். அதுவும் தோற்கிற மாதிரி இருந்தால் ரூக் ஆகிவிடுகிறது.