காலணிக்கு ஒரு நீதி, பாலாற்றுக்கு ஒரு நீதி

1989ஆம் ஆண்டு டிசம்பரில் அன்றைய மேற்கு ஜெர்மனி ஓர் ஆணை பிறப்பித்தது. பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லி ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கலந்திருக்கும் பொருளை அந்நாட்டில் விற்கலாகாது என்பது அதன் சாரம். பதனிட்ட தோலில் பூஞ்சை படராதிருக்க நம் தொழிற்கூடங்கள் அந்நாளில் நம்பியிருந்தது அந்த வேதிப்பொருளைத்தான். ஜெர்மனியோ நம் தோலுக்கு முதன்மைச் சந்தைகளுள் ஒன்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் கலங்கின. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் மாற்றுப் பொருள்கள் வந்துவிட்டன. ஏற்றுமதி நிற்கவில்லை.

இத்துணை விரைவாக மாறத் தெரிந்த தொழில், தன் வாசலில் கிடந்த ஆற்றின் பொருட்டு ஏன் மாறவில்லை? நெடுநாளாக நம்மை உறுத்தும் கேள்வி இது.

வட ஆர்க்காட்டுத் தோல் தொழில் பழையது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகம் வழியே இலண்டன் சந்தைக்குப் போயிற்று. அங்கே அதற்குக் 'கிழக்கிந்தியத் தோல்' என்றே பெயர். அக்காலத் தொழில் தூய்மையாக இருந்தது என்று சொல்ல நாம் துணியோம். சுண்ணாம்புக் குழியின் நாற்றம் அன்றும் இருந்தது. குரோமிய உப்பால் பதனிடும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் சோதித்துக் காட்டினார். அது பெருவழக்கானது பின்னாளில்தான்.

1970களின் தொடக்கத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு வரம்பு கட்டியது. முழுமையாகப் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் அனுப்பினால் அந்நியச் செலாவணியும் வேலையும் பெருகும் என்பது கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை, அம்முடிவு சரியானதே என்பது நம் கருத்து. ஆனால் ஆதாயம் பெருகியதோடு, அழுக்கும் இங்கேயே பெருகிற்று.

குரோமியத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். உப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதில் உப்பு தடவியே அனுப்புகின்றனர். ஆலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. நீரில் கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு முறைகள் பிரித்தெடுப்பதில்லை. பாலாறோ மணலாறு. ஆண்டின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது மணலே. நீர் அதன் அடியில். வற்றாது ஓடும் ஆறாயின் கழிவு கடலுக்குப் போயிருக்கும். இங்கே அது கிணறுகளுக்குள் இறங்கிற்று. தென்னையும் நெல்லும் விளைந்த நிலம் உவர்ப்பட்டது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதுமாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்ததும் இத்தீர்ப்பே. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கின்றனர்.

மேற்சொன்ன கேள்விக்கு விடை எளிது. பூஞ்சைக்கொல்லி காலணியோடு கப்பல் ஏறும். வாங்குபவன் காலைத் தொடும். உப்பு கப்பல் ஏறாது. துறைமுகத்தில் காலணியைச் சோதிப்பவர் பாலாற்றுக் கிணற்றைச் சோதிப்பதில்லை. அயல்நாட்டு வணிகர் சிலர் கழிவுநீரையும் தணிக்கை செய்யக் கேட்பது மிகவும் பிந்திய வழக்கம்.

2015ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மே மாதம் முதல், தோலில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே அது தோலில் படும் பொருள்களை விற்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதே ஆண்டு ஜனவரி 31 விடியலுக்கு முன், இராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் கழிவுச் சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கு அப்படியொரு நாவல், நாம் படித்தவரை, இன்னும் வாய்க்கவில்லை.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மீண்டும் தீர்ப்புரைத்தது. இழப்பீடு கிட்டாதோர்க்கு அரசே முதலில் வழங்கி, பின்னர் ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. 1991இல் வழக்குப் பதிவானபோது கிணறு உவர்த்த உழவர் ஒருவருக்கு நாற்பது வயதென்று கொண்டால், இத்தீர்ப்பு வந்தபோது அவருக்கு எழுபத்து நான்கு.