சுரங்கத்தின் வேலி எங்கே முடிகிறது? சுங்கை ஊஜோங் ஈயமும் நம் தோட்டங்களும்



‘சுரங்கத் தொழில் எதிர்நோக்கிய சவால்களை விளக்கி எழுதுக.’ இப்படி ஒரு கேள்வி வந்தால் நம் பிள்ளைகள் பலர் என்ன எழுதுகிறார்கள்? ‘மண்சரிவு ஏற்பட்டது, ஆறு மாசடைந்தது, செலவு கூடியது’ என்று மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். எழுதியது தப்பில்லை. ஆனால் எங்கே, எப்போது, யாருக்கு என்கிற மூன்றும் அதில் இல்லை. அவை இல்லாத பதில் வரலாறு ஆகாது.

நெகிரி செம்பிலானில் இருக்கும் நாம் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இன்றைய சிரம்பானும் அதன் சுற்றுவட்டாரமும் அன்று சுங்கை ஊஜோங். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரைக் கேட்டாலே மலாக்கா வணிகர்களுக்கு ஈயம்தான் நினைவுக்கு வரும். நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தைத்தான். அதைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். நம் மக்கள் சாலையிலும் ரயில் பாதையிலும் தோட்டத்திலும் வேலை செய்தார்கள். அப்படியானால் ஈயத்தின் கதை நமக்கு எதற்கு? படித்துப் பாருங்கள்.

1. தண்ணீரே கருவி, தண்ணீரே எதிரி

ஈயக் கனிமம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு கனம். சாதாரண மணல் 2.6 மடங்குதான். ஆகவே மண்ணோடு கலந்த கனிமத்தைச் சாய்வான மரத் தொட்டியில் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டால் மணல் அடித்துக்கொண்டு போகும். ஈயம் அடியில் தங்கும். பிற்காலத்தில் உயரமான கால்களின் மேல் நின்ற ‘பாலோங்’ செய்த வேலையும் இதுதான். மண்ணைக் கழுவத் தண்ணீர் வேண்டும்.

அதே சமயம், குழி ஆழமாக ஆழமாக ஊற்றுநீரும் மழைநீரும் உள்ளே நிரம்பும். அதை இறைக்காவிட்டால் வேலை நிற்கும். நனைந்த கரை சரிந்தால் உள்ளே இருப்பவர் மண்ணுக்குள் போவார். நீராவிப் பம்புகள் வருவதற்கு முன் நீர்ச்சக்கரத்தால் ஓடும் மரச் சங்கிலி இறைவைகளைச் சீனர்கள் பயன்படுத்தினார்கள். தொழில் நடத்துவதில் உள்ள சிக்கலும் பாதுகாப்புச் சிக்கலும் இங்கே ஒரே குழிக்குள் இருப்பதைக் கவனியுங்கள்.

2. ஆறு யார் கையில்?

எடுத்த ஈயம் கடலுக்குப் போக வேண்டும்; அரிசியும் கருவிகளும் உள்ளே வர வேண்டும். இரண்டுக்கும் வழி லிங்கி ஆறுதான். ஆற்றங்கரைத் தலைவர்கள் ஆங்காங்கே தடுப்பு போட்டுச் சுங்கம் வாங்கினார்கள். வணிகர்கள் ஆளுநரிடம் முறையிட்டார்கள். 1874 ஏப்ரலில் டத்தோ கிளானா சைட் அப்துல் ரஹ்மான் பிரிட்டிஷாரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். டத்தோ பண்டார் குலோப் துங்கால் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டே சண்டை மூண்டது. டத்தோ பண்டார் கடைசியில் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார்.

பாடநூலில் ‘பிரிட்டிஷ் தலையீடு’ என்று படிக்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு சுரங்கத்தின் போக்குவரத்துச் சிக்கலும் இருந்தது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே சுமார் 39 கிலோமீட்டர் ரயில் பாதை திறக்கப்பட்டதும், ஆற்றை நம்பியிருந்த நிலை மாறியது. பின்னால் இந்த நிலத்தில் ரப்பர் தோட்டங்கள் பரவியபோது ரப்பரும் அதே பாதையில் கடலுக்குப் போனது. ஈயம் போட்ட பாதையில்தான் தோட்டம் வளர்ந்தது.

3. குழிக்குள் இல்லாத ஆபத்து

சுரங்க ஆபத்து என்றதும் மண்சரிவு ஞாபகம் வரும். ஆனால் மலாய் மாநிலங்களின் ஈயச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன ஒன்று பெரிபெரி நோய். கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். தொற்றுநோயா, மண்ணின் நச்சா என்று மருத்துவர்கள் குழம்பினார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களுக்கு வந்த நோய் தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. சோறு மட்டும் வேறு! சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. பிராடன் இதை 1907இல் நூலாகவே வெளியிட்டார். ஆனால் பழைய அரிசியில் உண்டாகும் நச்சுதான் காரணம் என்று அவர் நினைத்தார். அது சரியில்லை.

அதே 1907இல், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவரும் ஜெலுபு பக்கம் டுரியான் திப்புஸில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அங்கே காட்டுக்குள் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவா தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார்கள். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் இடம் மாறியது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்று அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே காப்பாற்றி வைத்திருந்த சத்து அது.

(அதற்காகத் தோட்டத்து மக்கள் சுகமாக இருந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் லயங்களை விட்டுவைக்கவில்லை.)

சுரங்கத் தொழிலாளி ஏன் அந்த அரிசியையே சாப்பிட்டார்? பல சுரங்கங்களில் முன்பணம் போட்ட தவுக்கேதான் அரிசியையும் கடனுக்குக் கொடுத்தார், கூலியில் கழித்துக்கொண்டார். தொழில் நடந்த முறையே பானைக்குள் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்தது.

4. கழுவிய மண் எங்கே போனது?

ஈயம் தொட்டியில் தங்கியது. மற்றதெல்லாம்? பக்கத்து ஓடைக்குப் போனது, ஓடையிலிருந்து ஆற்றுக்கு. ஆற்றின் அடி மணலால் உயர்ந்தால் அடுத்த மழைக்கு வெள்ளம் கரையேறும். கீழே இருக்கும் வயலிலும் குடியிருப்பிலும் மணல் படியும். தோண்டுபவர் மேலே, அனுபவிப்பவர் கீழே.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்டை மாநிலமான சிலாங்கூரில் சாட்சி இருக்கிறது. கோல குபு என்ற ஊரில் மேலிருந்து வந்த சுரங்க மணலால் ஆற்றின் அடி உயர்ந்துகொண்டே போனது. வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. 1926இல் தீபகற்பத்தையே உலுக்கிய பெருவெள்ளமும் வந்தது. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதுதான் இன்றைய கோல குபு பாரு.

5. மூடிய பிறகும் முடியவில்லை

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி நொடித்தது. ஈய விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. நாடெங்கும் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று, குழிகள் மட்டும் நின்றன. மழைநீர் நிரம்பிய அந்தக் குழிகளைத்தான் ஈயக் குட்டை என்கிறோம். பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் கரை செங்குத்து, அடியில் புதையும் சேறு, இரண்டு எட்டு வைத்தால் ஆழம். ‘ஈயக் குட்டைக்குக் குளிக்கப் போகாதே’ என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு இது புரியும். ஒரு தொழில் நின்றுபோன பிறகும் அதன் ஆபத்து பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது.

பதில் எழுதும்போது

மாணவர்களே, சுரங்கத்தின் வேலி குழியின் ஓரத்தில் முடிவதில்லை. அது ஆற்றின் வழியே கீழே இறங்குகிறது, அரிசிப் பானைக்குள் போகிறது, ஐம்பது வருடம் கழித்தும் குட்டையாகக் கிடக்கிறது. ஆகவே பாதுகாப்பு, சுற்றுச்சூழல், தொழில் நடத்தும் முறை என்று மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் அடைக்காதீர்கள். ‘இதனால் அது’ என்று கோத்து எழுதுங்கள். ஊரையும் ஆண்டையும் சேருங்கள். கடனுக்கு அரிசி, அதனால் பெரிபெரி. மண்ணைக் கழுவத் தண்ணீர், அதனால் ஆற்றில் மணல். இரண்டு சங்கிலி இருந்தாலே பதில் நிமிர்ந்து நிற்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன யோசனை. உங்கள் பள்ளி வட்டாரத்தின் வரைபடத்தை வகுப்பில் விரித்து, ஆறு எங்கே பிறந்து எங்கே போகிறது என்று பிள்ளைகளை விரலால் தொடச் சொல்லுங்கள். பழைய ஈயக் குட்டைகள் எங்கே என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வந்து அதில் குறிக்கட்டும். தேர்வுக்கும் உதவும். எந்தக் கரைக்குப் போகக்கூடாது என்பதும் பிள்ளைகள் மனதில் பதியும்.