வபையும் சீனி வியாதியும்: ஒரு சத்திரசிகிச்சை வரலாறு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களில் வாழும் நண்பர்களும், அங்கிருந்து லண்டனுக்கும் தோஹாவுக்கும் சென்றவர்களும் என்னிடம் அவ்வப்போது கேட்கும் வினா ஒன்றுண்டு. இரைப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெரியவருக்கு நெடுநாள் இருந்த சீனி வியாதி சட்டெனக் குறைந்துவிட்டது, வயிற்றுக் கொழுப்பையும் சேர்த்து அகற்றினார்களாம், சுகமானது அதனாலா? இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாறு அரை நூற்றாண்டுக்கும் மேல் நீண்டது. அது அறியத்தக்கது.

அகற்றப்படும் அக்கொழுப்பு எது? ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா மாட்டை அறுத்து வயிற்றைத் திறக்கும்போது, குடலின் மேல் மெல்லிய சல்லாத்துணி போல ஒரு வெண்படலம் போர்த்தியிருப்பதை நம்மவர் கண்டிருப்பர். மனிதருக்கும் அது உண்டு. இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து தொங்கும் அதனைத் தமிழ்க் கலைச்சொல்லில் வபை என்பர். வயிற்றுக்குள் அழற்சி தோன்றும் இடத்தை அது சென்று மூடிக்கொள்வதைக் கண்ட ஆங்கிலேயச் சத்திரசிகிச்சையாளர் ரதர்ஃபோர்ட் மொரிசன், 1906இல் அதற்கு 'வயிற்றின் காவற்காரன்' என்று பெயர் சூட்டினார்.

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன், 1867இலேயே 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் தந்துவிட்டார். ஆயினும் அந்நாளில் இரைப்பைப் புற்றை வெட்டியெடுத்து நோயாளியை உயிருடன் மீட்டவர் உலகில் எவருமில்லை. அதனை முதலில் செய்தவர் வியன்னாவின் தியோடர் பில்ரோத். 1881 ஜனவரி 29ஆம் நாள் தெரேசே ஹெல்லர் என்ற பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை அவர் அகற்றினார். அப்பெண் சத்திரசிகிச்சையிலிருந்து தேறி எழுந்தார். எனினும் நோய் மீண்டும் பரவி, ஏறத்தாழ நான்கு மாதங்களில் இறந்தார். புற்று இரைப்பையோடு நின்றுவிடுவதில்லை என்பதை அவ்வனுபவம் உணர்த்திற்று. பின்வந்தோர் நிணநீர்க் கணுக்களையும் வபையையும் சேர்த்து அகற்றலாயினர். ஆக, வபை அகற்றப்பட்டது புற்றுக்கு அஞ்சியே; சீனியைக் கருதியன்று.

சீனிக்கும் வயிற்றுக் கொழுப்புக்கும் உள்ள உறவை எடுத்துரைத்தவர் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். உடல் பருமனைவிட, கொழுப்பு எவ்விடத்தில் சேர்கிறது என்பதே முக்கியம் என 1947இல் அவர் எழுதினார். வயிற்றுக்குள் உள்ள கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்கள் நேரே ஈரலைச் சென்றடைந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. அவ்வாறாயின் அக்கொழுப்பை அகற்றினால் நோய் தணியவேண்டுமல்லவா? எலிகளில் அவ்வாறே தணிந்தது. சுவீடனில் மிகையான பருமனுடைய 50 பேரைக் கொண்டு செய்து 2002இல் வெளியான ஆய்வும் நம்பிக்கை தந்தது. இரைப்பைக்குப் பட்டி இட்டதோடு வபையையும் இழந்தோருக்கு, பட்டி மட்டும் இடப்பட்டோரைவிட இரத்தச் சீனி நன்கு சீர்ப்பட்டிருந்தது.

ஆனால் அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் சாமுவேல் கிளைன் குழுவினர், 15 பெண்களின் தோலடிக் கொழுப்பில் சுமார் 10 கிலோவை உறிஞ்சியெடுத்தும் இன்சுலின் செயற்பாட்டில் மாற்றமில்லை என 2004இல் அறிவித்தனர். அதே குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வபையை அகற்றியதாலும் பயன் கிட்டவில்லை. வயிற்றுக்குள் உள்ள கொழுப்பில் வபை ஒரு பங்கே. குடலைத் தாங்கும் மடிப்பிலும் பிற உறுப்புகளைச் சூழ்ந்தும் உள்ள கொழுப்பு அப்படியே எஞ்சுகிறது.

அவ்வாறாயின் நம் பெரியவருக்குச் சீனி குறைந்தது எவ்வாறு? குடற்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்த நீரிழிவு நோயாளர் சிலருக்குச் சீனி தணிந்ததை அமெரிக்க வைத்தியர் மூவர் 1955இலேயே பதிவு செய்திருந்தனர். 1995இல் வோல்டர் போரிஸ், பருமனுக்காக இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளர் 146 பேரில் 121 பேருக்குச் சீனி வழமை நிலைக்குத் திரும்பியதைக் காட்டினார். உணவு குறைகிறது, எடை குறைகிறது, உணவு முன்சிறுகுடலைத் தவிர்த்து நேரே கீழிறங்கும்போது குடற்சுரப்புகள் மாறுகின்றன. வேலை செய்வது இம்மாற்றங்களே, வபையின் இழப்பன்று. ஆரம்ப நிலைப் புற்றில் வபையின் பெரும்பகுதியை விட்டுவைக்க யப்பானிய வழிகாட்டிகளே இடந்தருகின்றன என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வபை போனதால் நோய் போயிற்று என்று நம்புபவர் மாத்திரையைத் தாமே நிறுத்துவார். எடை திரும்பினால் சீனியும் திரும்பும். அதனை அறியாமலே இருந்துவிடுவார். மறுபுறம், பழைய அளவிலேயே இன்சுலினைத் தொடர்பவருக்குச் சீனி ஆபத்தாகத் தாழலாம். இரைப்பை இல்லாதவரின் குடலில் இனிப்பு விரைந்து இறங்குவதால், பெருநாள் வட்டிலப்பத்தை ஆவலோடு உண்ட ஓரிரு மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் வருவதுண்டு. முழு இரைப்பையையும் இழந்தவருக்கு விற்றமின் பி12 ஊசி ஆயுள் முழுவதும் தேவை. நோன்பு நோற்க விரும்புவோர் ரமழானுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு மருந்தளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை வெட்கப்படுவதற்கு உரியதன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2005-2006இல் இலங்கையில் நடந்த பெரும் நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நோய் உண்டென்றும், அவர்களில் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் அதுவரை அதனை அறியாதிருந்தனர் என்றும் கண்டது. போரின் காரணமாக அவ்வாய்வு வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வரவில்லை. கல்முனைக் கரையோரம் அன்று கணக்கிலேயே சேரவில்லை. எண்ணப்படாத ஊரில் வதந்தி மருத்துவமாகிவிடுகிறது. ஆகவே சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெரியவரின் பிள்ளைகள் வைத்தியரிடம் கேட்கவேண்டியது, எவ்வளவு கொழுப்பை எடுத்தீர்கள் என்பதன்று. எவ்வளவு இரைப்பை எஞ்சியிருக்கிறது, பழைய மருந்தில் எதைக் குறைக்கவேண்டும், அடுத்த சீனிப் பரிசோதனை எந்நாள் என்ற மூன்றையுமே கேட்கவேண்டும்.